பீடோங் கள்ளுக்கடையும் தாத்தாவின் ஞாபகமும்

2017-ல் தாத்தாவை மருத்துவமனையில் சேர்த்தபோது அவருக்கு வயது 76. இரண்டாவது வாரம் ஒரு காலையில் தமிழ் மிஸ்ஸி ஒருவர் ஊசி போட வந்தார். தாத்தா வலது முட்டியைத் தடவிக்கொண்டே அவரிடம் சொன்னார்: "இது பீடோங் கள்ளுக்கடைக்கு முன்னால போலீஸ்காரன் அடிச்சது. தொண்டர் படையில இருந்தேன்ல, அப்ப."

மிஸ்ஸி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பாட்டி என் பக்கம் திரும்பி, "ஒளர்றாரு. அந்த மனுசன் கள்ளுக்கடையில உள்ள ஒக்காந்து குடிச்சவரு. வெளிய நின்னு மறியல் பண்ணுனாராமா?" என்றார்.

பாட்டி சொன்னதுதான் சரி. பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் நடந்தது 1947-ல். தாத்தா பிறந்தது 1941-ல். ஆறு வயசுப் பையன் எந்தப் படையில் இருந்திருக்க முடியும்? ஆனால் அப்போது எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. தொண்டர் படை என்ற பெயரையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். நான் படித்தது இரசாயனப் பொறியியல். பள்ளியில் படித்த வரலாற்றுப் புத்தகத்திலும் அந்தப் பெயரைப் பார்த்த ஞாபகம் இல்லை.

டாக்டர் அன்று மாலை விளக்கினார். நீண்ட காலக் குடியால் உடலில் வைட்டமின் பி1 தீர்ந்துபோய் மூளையின் ஞாபகப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது. 1880களில் கோர்சகோவ் என்ற ரஷ்ய மருத்துவர் விவரித்ததால் அந்த நோய்க்கு அவர் பெயர். இந்த நோயில் ஆள் பொய் சொல்வதில்லை. ஞாபகத்தில் ஓட்டை விழுந்த இடத்தை மூளை தன்னிடம் இருக்கிற வேறு எதையாவது எடுத்து அடைத்துவிடுகிறது. சொல்கிறவர் அதை முழுசாக நம்புகிறார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "பெரட்டுக்குப் போயிட்டு வந்து ரொட்டியும் கோப்பியும் பசியாறுனேன்" என்று தாத்தா பதில் சொன்னார். அவர் கடைசியாகப் பெரட்டுக்குப் போய் முப்பது வருடம் ஆகியிருந்தது.

ஓட்டையை அடைக்க மூளை எதையோ எடுக்கிறது என்றால், அது எங்கிருந்து எடுத்தது? பீடோங் கள்ளுக்கடை தாத்தாவின் தலைக்குள் எப்படி வந்தது? அந்தக் கேள்வியோடு படிக்கத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

துரை திறந்த கடை

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-ல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே வளர்ந்துவிட்ட கங்காணி முறை 1938 வரை நீடித்தது. ரப்பர் விலை ஏறிய காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு லயம் கட்டப்பட்டது, ஆயாக்கொட்டகை வந்தது, கோயில் வந்தது. கூடவே கள்ளுக்கடையும் வந்தது.

கள்ளுக்கடை தொழிலாளர்கள் தாங்களாகத் திறந்துகொண்ட இடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அரசாங்க உரிமத்தோடு, பல இடங்களில் தோட்ட நிர்வாகமே நடத்திய கடை அது. நிர்வாகங்கள் சொன்ன நியாயம் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கும்: தோட்டத்துக்குள் நல்ல கள்ளு கிடைக்காவிட்டால் ஆட்கள் வெளியே போய்ச் சம்சு குடித்துக் கெட்டுப்போவார்கள். கள்ளு விற்ற லாபம் ஒரு நிதியாகச் சேர்ந்து தொழிலாளர் நலனுக்கே செலவாகும் என்றும் காட்டப்பட்டது. கூலியாகக் கொடுத்த காசு கள்ளுக்கடை வழியாகத் திரும்பி வந்து, கோயில் திருவிழாவாகவும் விளையாட்டுச் சாமானாகவும் மறுபடி 'கொடை'யாகத் தொழிலாளர்களிடமே போனது. 1920களின் இறுதியில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று பல பகுதிகளில் நிர்ணயிக்கப்பட்டது. உலகப் பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைந்தது. அந்தக் காசிலிருந்துதான் இந்தச் சுற்று ஓடியது.

புகார்கள் அப்போதே எழுந்தன. சிலாங்கூரின் கடலோர மாவட்டங்களில் கள்ளு முறைகேடாகப் பயன்படுகிறது என்ற குற்றச்சாட்டை விசாரிக்க ஒரு ஆணையம் அமைக்கப்பட்டு, அதன் நடவடிக்கைகள் 1917-ல் வெளியாயின. ஆனாலும் கடைகள் மூடப்படவில்லை.

கள்ளைப் பற்றி என் துறை சார்ந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். தென்னம்பாளையிலிருந்து வடியும் நீர் கலயத்தில் விழும்போதே காற்றிலிருக்கும் ஈஸ்ட் அதில் வேலையைத் தொடங்கிவிடுகிறது. சில மணி நேரத்தில் சர்க்கரை ஆல்கஹாலாகி, ஏறக்குறைய பியர் அளவுக்குப் போதை வந்துவிடும். விட்டுவைத்தால் மறுநாளே புளித்துக் காடியாகும். அதனால் கள்ளைச் சேர்த்து வைக்க முடியாது. இறக்கிய அன்றே, இறக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே குடித்தாக வேண்டும். கள்ளுக்கடை கூட்டமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வேலை முடிந்து, பால் கொட்டிவிட்டு, மங்கைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்தார்கள். பேசினார்கள், பாடினார்கள், சண்டை போட்டார்கள். குடியின் கெடுதல் எதுவும் இதனால் குறைந்துவிடாது. ஆனால் அது தனிமையில் நடந்த குடி இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மூடச் சொன்னவர்கள்

கள்ளுக்கடையை மூடு என்ற குரல் வெளியிலிருந்து வந்த உபதேசம் மட்டும் இல்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதன் முகமாக இருந்தார். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்ற உரிமை ஆகிய கோரிக்கைகளின் வரிசையிலேயே கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டுப் பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, ராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அந்தப் பட்டியலைப் படித்தபோது ஒன்று புரிந்தது. சைக்கிளை விட்டு இறங்கமாட்டேன் என்பதும் கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்களுக்கு ஒரே கோரிக்கை. இரண்டுமே மானம் சம்பந்தப்பட்டவை.

போர் முடிந்தபின் அந்தக் குரல் கெடாவில் கேட்டது. பீடோங் பக்கத்தில் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை உருவானது. இந்திய தேசிய ராணுவம் கொடுத்த உணர்வு அப்போது இன்னும் சூடாக இருந்தது. தோட்டத்து இளைஞர்கள் சீருடை போட்டுக் கம்போடு அணிவகுத்தார்கள். குடிக்கிறவர்களைக் கண்டித்தார்கள், கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள். 1947-ன் தொடக்க மாதங்களில் பீடோங்கில் அப்படியொரு மறியல் போலீசோடு மோதலாகி, ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அதே ஆண்டு டப்ளின் தோட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இன்னொருவர் இறந்தார். அடுத்த வருடம் ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டத்தில் நாலு பேர் கூடி நின்றாலே சந்தேகம் என்ற காலம் தொடங்கியது. கள்ளுக்கடைகள் தொடர்ந்து நடந்தன.

'தமிழன்னா தண்ணி' என்று பல்கலைக்கழக விடுதியில் என்னிடம் சிரித்தபடி சொன்னவர்கள் உண்டு. நானும் சிரித்திருக்கிறேன். கள்ளுக்கடையை மூடச் சொல்லி அடிவாங்கியவர்களும் செத்தவர்களும் நம் ஆட்கள்தான் என்பது அப்போது தெரிந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

யாரும் பேசாத ஒன்று

படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்தியது. நிர்வாகம் கள்ளை உடம்புக் கணக்கில் பார்த்தது: ஆள் நாளைக்கு வேலைக்கு வருவானா? சீர்திருத்தக்காரர்கள் அதைக் காசுக் கணக்கிலும் மானக் கணக்கிலும் பார்த்தார்கள்: குடும்பம் என்ன ஆகும், இனத்துக்கு என்ன பேர்? நாற்பது வருடம் தினமும் குடித்த ஒரு ஆளின் மனசு வயசான காலத்தில் என்ன ஆகும் என்ற கேள்வியை நான் படித்தவரையில் இரண்டு பக்கமும் கேட்கவில்லை. அதற்கு ஒரு எளிய காரணம் இருக்கலாம். தோட்டத்தில் வயசானவர்கள் என்ற கூட்டமே அப்போது பெரிதாக இல்லை. வேலைக்கு ஆகாதவர்கள் கப்பலேறி ஊருக்குப் போனார்கள், அல்லது அதற்கு முன்பே இறந்துபோனார்கள்.

ஆனால் இந்தக் கதைக்குத் தேவையான ஒரு துண்டு கோலாலம்பூரிலேயே கிடைத்தது. அதுவும் ஒரு மனநல விடுதியில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் நிறையப் பேரைக் கொன்றது. சுரங்கங்களில் வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் கூட்டமாகச் செத்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அது அபூர்வமாகவே வந்தது. வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சை வெள்ளை அரிசியும் மறுபாதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். முடிவு 1907-ல் வெளியானது. வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நோய் கண்டது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்டவர்களில் ஒருவரும் அந்த நோயால் இறக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் மனிதர்கள் மேல் நடத்திய இந்தச் சோதனையை இன்று படித்தால் வயிறு கலங்குகிறது.

நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டினாலும் முழுசாகப் போவதில்லை. வைட்டமின் என்ற சொல்லே 1912-ல்தான் வந்தது. நம் பாட்டிகள் அந்தச் சொல் பிறப்பதற்கு முன்பே அதை அவித்துக்கொண்டிருந்தார்கள்.

தாத்தாவின் மூளையில் தீர்ந்துபோனதும் அதே பி1. ஆல்கஹால் அதைக் குடலில் உறிஞ்சவிடாது. கல்லீரல் கெட்டால் சேமிக்கவும் முடியாது. அதோடு குடிக்கிற ஆள் சரியாகச் சாப்பிடவும் மாட்டார். "சோறு வேணாம், ரசம் மட்டும் ஊத்து" என்று தாத்தா பல வருடம் சொன்னது எங்கள் வீட்டில் பத்தியம் என்று பாராட்டப்பட்டது.

கூட்டத்திலிருந்து பாட்டிலுக்கு

தாத்தா பதினேழு வயதில் குடிக்கத் தொடங்கினார். தோட்டத்தில் இருந்தவரை கள்ளுதான். 1980களின் கடைசியில் ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் நிலம் மாறியபோது எங்கள் குடும்பம் பட்டணத்துக்கு வந்து, கடைசியில் அடுக்குமாடியில் ஐந்தாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. நாட்டில் எத்தனையோ தோட்டக் குடும்பங்களின் கதை இது. வீடு போனது, வேலை போனது, பக்கத்து லயத்து ஆட்கள் திசைக்கொருவராகப் போனார்கள். கள்ளுக்கடையும் போனது. அதன் இடத்தில் ஒட்டுக்கடையில் சின்ன பாட்டில் சம்சு கிடைத்தது.

கள்ளைப் பற்றி மேலே சொன்னதை இங்கே எடுத்துப் பாருங்கள். சம்சு காய்ச்சி வடித்தது, கெடாது. கள்ளை விடப் பல மடங்கு போதை. சட்டைப் பையில் அடங்கும், விலையும் குறைவு. அதைக் குடிக்கக் கூட்டமும் தேவையில்லை, இடமும் தேவையில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து தனியாகக் குடிக்கலாம். தாத்தா அப்படித்தான் குடித்தார். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாகச் சம்சுவுக்கு எதிராகப் பேசிவருவதைப் பிற்பாடுதான் கவனித்தேன். 2018 செப்டம்பரில் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அதில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலர் இருந்தார்கள். ஒரு காலத்தில் நாம் இருந்த இடத்தில் இப்போது அவர்கள்.

குடித்ததும் மனசு லேசாவது உண்மைதான். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை ஆல்கஹால் கூட்டுகிறது, தூண்டிவிடும் குளுட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. தினமும் இது நடந்தால் மூளை எதிர்ப்பக்கம் எடைபோட்டுச் சமன் செய்துகொள்ளும். போதை இறங்கியதும் அந்த எடை மட்டும் மிஞ்சும். பதற்றம், எரிச்சல், காரணமில்லாத துக்கம். அதைத் தணிக்க மறுபடி குடி. தூக்கத்திலும் இதே கதைதான். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், ஆனால் பின்னிரவில் கலைந்துவிடும். தாத்தா இரவு இரண்டு மணிக்கு எழுந்து பால்கனியில் உட்கார்ந்திருப்பார். "தோட்டத்துப் பழக்கம், பெரட்டுக்கு எழுந்த உடம்பு" என்று நாங்கள் பெருமையாகச் சொல்வோம்.

வயசு ஆக ஆக உடம்பில் தசை குறைகிறது, நீரின் அளவும் குறைகிறது. ஊற்றுகிற அளவு அதேதான், ஆனால் தொட்டி சின்னதாகிவிட்டது. முப்பது வயதில் குடித்த அதே அளவு எழுபதில் ரத்தத்தில் அதிகச் செறிவாக நிற்கும். இதற்கு மேல் ரத்தக்கொதிப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை. தாத்தா அறுபத்தைந்துக்குப் பிறகு குடியைக் கூட்டவில்லை, நான் சாட்சி. ஆனால் அறுபத்தைந்துக்குப் பிறகுதான் அவர் பேச்சைக் குறைத்தார், சாயங்காலம் ஆனால் கண் கலங்கினார், பேரப்பிள்ளைகள் சத்தம் போட்டால் கத்தினார். பிறகு நடை தள்ளாடியது. ஒரு கிளினிக்கில் வயசு என்றார்கள். இன்னொன்றிலும் வயசு என்றார்கள். குடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, வெட்கத்தில் நாங்களும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் இருந்த சொற்களை எண்ணிப் பார்த்தேன். குடி, போதை, தண்ணி, குடிகாரன், வயசாயிடுச்சு. இந்த ஐந்துக்கு நடுவில் ஒரு மனிதன் பதினோரு வருடம் மனச்சோர்வில் இருந்திருக்கிறார். அதற்கு எங்களிடம் சொல் இல்லை. தொண்டர் படை குடிகாரனை வெட்கப்பட வைத்தது. அந்தக் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது, எதிரே துரையின் கடை இருந்தது. கடை போய்விட்டது, வெட்கம் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. அந்த வெட்கம்தான் எங்களை டாக்டரிடம் வாய் திறக்கவிடாமல் செய்தது.

பி1 ஊசிக்குப் பிறகு தாத்தாவின் நடை ஓரளவு தேறியது. ஞாபகம் தேறவில்லை. இன்னும் முன்பே கொடுத்திருந்தால் வித்தியாசம் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். 2019-ல் தாத்தா இறந்தார்.

வெள்ளிக்கிழமை

அப்பாவுக்கு இப்போது 59. அடுத்த வருடம் ஓய்வு. வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் என்றிருந்த பியர் இப்போது புதன்கிழமைக்கும் வந்திருக்கிறது. போன மாதம் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேச்சை எடுத்தேன். தொட்டி, நீர், தூக்கம் எல்லாம் சொன்னேன். "ரெண்டு டின்தான்லா. தாத்தா மாதிரியா நான்?" என்றார். தாத்தாவும் கள்ளு காலத்தில் ரெண்டு மங்குதான் என்று சொல்லியிருப்பார் என்றேன். அப்பா பதில் பேசவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார். "தாத்தாவோட அப்பா இருந்தாரே, பீடோங் பக்கம் தோட்டத்துல. அவரு கடைசி வரைக்கும் குடிக்கவே இல்லியாம். தாத்தா குடிக்க ஆரம்பிச்சப்ப அவருகூடப் பேச்சையே நிறுத்திட்டாராம். ஒரு கால் இழுத்து இழுத்துத்தான் நடப்பாராம்."

"எந்தக் காலுப்பா?"

"அது தெரியாது. நான் பொறக்கறதுக்கு முந்தியே போயிட்டாரு."

கால் இழுத்து நடந்ததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். தொண்டர் படைப் பட்டியல் எதிலும் அவர் பெயரை நான் பார்க்கவில்லை. தன்னோடு பேசாமல் போன அப்பாவின் கதையைத்தான் தாத்தாவின் மூளை கடைசியில் எடுத்து ஓட்டையில் வைத்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது.

அப்பாவை அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போகிறேன். எவ்வளவு குடிக்கிறார் என்பதை டாக்டரிடம் சொல்வது என் பொறுப்பு என்று பேசி வைத்திருக்கிறோம். "கூட்டிச் சொல்லாத" என்றார் அப்பா. குறைத்தும் சொல்லமாட்டேன் என்றேன்.